அடுப்பங்கரையின் ஏடு

நளபாகம் என்கிறார்கள், நாவிலே நீர் ஊற. வீமபாகம் என்கிறார்கள், விருந்துக்கு வந்தோர் வியக்க. யார் அந்த நளன்? நாடிழந்து, உருமாறி, வேற்று மன்னனிடம் தேரோட்டியாக ஒளிந்திருந்த காலத்திலே சமைத்தவன். யார் அந்த வீமன்? விராடன் அரண்மனையிலே மறைந்து வாழ்ந்த ஓராண்டுக் காலம் மடைப்பள்ளியில் நின்றவன். ஆபத்துக் காலத்திலே அகப்பை பிடித்தவர்கள் இருவரும். ஆபத்து நீங்கியதும் அதைக் கீழே வைத்துவிட்டு அரியணைக்கும் ஆயுதத்துக்கும் திரும்பியவர்கள். ஆயினும் அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. சங்கநூலாகிய சிறுபாணாற்றுப்படையே, வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி தவறாமல் ஆக்கிய உணவு என்று விருந்தைப் புகழ்கிறது.

புகழட்டும், குறை சொல்லவில்லை நாம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறோம், தோழர்களே! நாளுக்கு மூன்று வேளை. ஆண்டுக்கு 365 நாள். ஐம்பதாண்டுக் காலம் அடுப்பின் முன்னே நிற்கிறாள் ஒரு தாய். 54,750 வேளை! ஓராண்டு சமைத்தவனுக்கு ஒரு நூலும் ஒரு பெயரும். 54,750 வேளை சமைத்தவளுக்கு? "இன்று உப்புக் கொஞ்சம் குறைவு" என்ற ஒரு வரி விமரிசனம்!

அந்தத் தாய்க்கும் ஒரு நூல் உண்டு என்று சொல்லவே இக்கட்டுரை. அச்சேறாத நூல் அது. எண்ணெய்க் கறை படிந்த நூல். வேலூர் லாங் பஜாரிலே வாங்கிய நீண்ட கணக்குப் புத்தகத்திலே, எம் அன்னையார் தம் கைப்பட எழுதி வைத்திருக்கும் சமையற் குறிப்பேடு.

லாங் பஜாரை அறியாத தோழர்களுக்கு ஒரு சொல். கோட்டைக்குக் கிழக்கே, நெரிசல் மிகுந்து நீண்டு கிடக்கும் கடைவீதி அது. 'லாங்' ஆங்கிலச் சொல். 'பஜார்' பாரசீகச் சொல். அங்கே வாங்குவோரும் விற்போரும் பேசுவதோ தமிழ், தெலுங்கு, உருது. மிளகாய் மூட்டையும் மல்லி மூட்டையும் வாய் திறந்து கிடக்கும். ஒரு பக்கம் வெல்ல மண்டி. மறுபக்கம் வெற்றிலைக் கட்டு. கைவண்டி கத்திக்கொண்டு போகும். சுமைதூக்கும் தோழர் அதைவிட உரக்கக் கத்துவார். மாவட்டத்தை 2019-இல் மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. ஆனால் எல்லைக்கோடு இழுத்தவர்கள் மிளகாய்க்கும் சீரகச் சம்பாவுக்கும் எல்லை இழுக்க முடியவில்லை. சரக்குக்கு மட்டும் எல்லா ஊரும் ஓரூர்தான்.

எம் அன்னையார் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மணமாவதற்கு முன் ஆம்பூரிலே காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேல்தோல் தைத்தவர். பெண்கள் பெருந்தொகையாக உழைக்கும் தொழில் அது. மணமாகி வேலூருக்கு வந்ததும் வேலை நின்றது, எழுத்து நிற்கவில்லை. முப்பதாண்டுக்கு மேலாக எழுதி வருகிறார். எண்ணிப் பார்த்தோம்: 143 குறிப்புகள். காரம் 97, இனிப்பு 46. களியும் உண்டு, கட்லெட்டும் உண்டு. கருவாட்டுக் குழம்பின் அடுத்த பக்கத்திலே கேரட் அல்வா! வரிசை இல்லை, வகுப்பு இல்லை, மேல் கீழ் இல்லை. கேட்ட நாளில் கேட்டபடி எழுதப்பட்டது.

ஆனால் ஒரு நெறி மட்டும் முதற் பக்கம் முதல் இன்றுவரை வழுவாமல் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும், அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று எழுதியிருக்கிறது. எதிர்வீட்டு ஆபா சொன்னது. பால்காரர் மனைவி சொன்னது. ரேஷன் கடை வரிசையில் நின்ற அக்கா சொன்னது. மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் இருந்த வங்காளத்து அம்மாள் சைகையால் சொன்னது. ஆராய்ச்சிப் பட்டம் பெற்றோரும் சில வேளை மறந்துவிடும் அறிவு நேர்மை இது! எவரிடம் கற்றோமோ அவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

சில பக்கங்களைப் புரட்டுவோம்.

பிரியாணி. சொன்னவர் எதிர்வீட்டு ஆபா; ஆம்பூரிலே பிறந்தவர். ஆட்டிறைச்சி ஒரு கிலோ, சீரகச் சம்பா அரிசி ஒரு கிலோ. வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி கால் கிலோ. இஞ்சி விழுது, பூண்டு விழுது, வகைக்கு 100 கிராம். தயிர் ஒரு குவளை. புதினாவும் கொத்துமல்லியும் கைப்பிடி கைப்பிடியாக. பட்டை, கிராம்பு, ஏலம் அளவோடு. மிளகாய்த் தூள் ஆகாது. வற்றல் மிளகாய் இருபதை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதுதான் வேண்டும். நிறமும் அதிலேதான், காரமும் அதிலேதான். இறைச்சி மசாலையோடு தனியே வேகும். அரிசி தனியே முக்கால் பதம் வெந்து வடிபடும். பிறகு இரண்டும் ஒன்று சேரும். மூடியின் மேல் தணல், அடியிலே சிறு தீ. இதற்குப் பெயர் 'தம்'.

இங்கே அன்னையார் ஓரத்தில் எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள்: "மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆவி போகும். ஆவி போனால் மேல் அரிசி வேகாது." மந்திரம் இல்லை, மாயம் இல்லை. நேரம் பார்த்து அடுப்பேற்றச் சொல்லவில்லை. இன்ன காரணத்தால் இன்னது நிகழும்! தயிரை ஏன் சேர்க்கவேண்டும்? "புளிப்பு கறியை மெத்தென்று ஆக்கும்." சீரகச் சம்பாவை ஏன் கிளறக்கூடாது? "சின்ன அரிசி, உடைந்து போகும்." பள்ளியிலே நாம் 'காரணமும் விளைவும்' என்று கரும்பலகையில் எழுதிக் கற்பிக்கிறோமே, அதை அடுப்புக் கரியின் நடுவே நின்று எழுதியிருக்கிறார் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண்மணி.

பிரியாணியின் துணை, கத்திரிக்காய்ப் பச்சடி. வேலூர் வட்டாரத்துக்கு இதிலே உரிமை அதிகம். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடியிலே விளையும் முள்ளுக் கத்திரிக்காய், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பிலே முள், கைக்குப் பகை, நாவுக்கு நட்பு! பிளந்து எண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, வறுத்த எள்ளும் வேர்க்கடலையும் பொடித்துத் தூவவேண்டும் என்கிறது ஏடு. காயை நறுக்கியதும் நீரில் போடவேண்டுமாம். இல்லையேல் காற்றுப் பட்டுக் கறுத்துவிடுமாம்.

கேழ்வரகுக் களி. சொன்னவர் அன்னையாரின் மாமியார், அதாவது எம் ஆயா. ஆழாக்கு நொய்யைக் குழைய வேகவிட்டு, இரண்டு ஆழாக்குக் கேழ்வரகு மாவைத் தூவி, துடுப்பால் கட்டியில்லாமல் கிளறி உருட்டவேண்டும். கூட்டாளி, முருங்கைக் கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ. வட ஆர்க்காட்டு மண்ணிலே, மானாவாரி நிலத்திலே, உழைப்பவன் வயிற்றை நண்பகல் தாண்டியும் தாங்கிய உணவு. நூறு கிராம் கேழ்வரகிலே 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்பது இன்று ஆய்வுக்கூடம் சொல்லும் செய்தி. ஒரு காலத்திலே "களி தின்பவன்" என்று இகழ்ந்தார்கள். இன்று அதே கேழ்வரகைப் பளபளக்கும் பையிலே அடைத்து, பன்மடங்கு விலை வைத்து விற்கிறார்கள். இகழ்ந்தவர் வீட்டாரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். தானியம் மாறவில்லை, தின்பவர் யார் என்பதுதான் மாறிற்று. மதிப்பும் உடனே மாறிற்று!

இனிப்புக்கு வருவோம். ஆர்க்காட்டு மக்கன் பேடா. நவாபு காலத்து இனிப்பு என்பர். சர்க்கரையிடாத கோவா 200 கிராம், மைதா 50 கிராம், ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை. பிசைந்து, நடுவிலே முந்திரி, பாதாம், சாரைப் பருப்பு வைத்துத் தட்டி, இளந்தீயில் பொரித்து, பாகிலே ஊறவிடவேண்டும். "தீ அதிகமானால் மேலே கறுக்கும், உள்ளே மாவாக நிற்கும்" என்று எச்சரிக்கிறது ஏடு. வேர்க்கடலை உருண்டைக்கும் அதிரசத்துக்கும் பாகுதான் உயிர். வெப்பமானி இல்லாத வீட்டிலே அதன் வேலையை ஒரு கிண்ணம் தண்ணீர் செய்கிறது. பாகை ஒரு சொட்டு அதிலே விட்டுப் பார்க்கிறார்கள். கரைந்தால் பதமில்லை, விரலால் உருட்ட வந்தால் அதிரசத்துக்கு ஆகும், சட்டென்று முறிந்தால் கடலை உருண்டைக்கு ஆகும். நீர் வற்ற வற்றப் பாகின் கொதிநிலை ஏறும் என்ற இயற்பியலை விரல்நுனியிலே வைத்திருக்கிறார்கள் நம் வீட்டுப் பெண்கள்.

இன்னொரு வரி நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. சாம்பாருக்குரிய பக்கத்திலே எழுதியிருக்கிறார்: "ஆம்பூர்க் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகாது. வாங்கிய தண்ணீர் ஊற்றவும்." அவ்வளவுதான் வரி. அதற்குள்ளே ஒரு பேராற்றின் வரலாறு இருக்கிறது. தோலைப் பதனிட உப்பு வேண்டும், குரோமியம் வேண்டும். கழிவுநீர் பாலாற்றங்கரை நிலத்திலே இறங்கிற்று, கிணறுகள் உவர்த்தன. உவர்ப்பும் கடினமும் ஏறிய நீரிலே பருப்பு குழையாது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே, 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம்; மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்ற நெறியை வலியுறுத்திற்று. சட்டக் கல்லூரிகளிலே பாடமாக இருக்கிறது அந்தத் தீர்ப்பு. அடுப்பங்கரையிலே அதே செய்தி ஒற்றை வரியாக இருக்கிறது. தோல் ஏற்றுமதியால் வந்த அன்னியச் செலாவணிக்குக் கணக்கு உண்டு. வேகாத பருப்புக்காக ஏழைப் பெண் குடம் குடமாக விலை கொடுத்து வாங்கிய நீருக்குக் கணக்கு எங்கே? இந்த ஏட்டிலே இருக்கிறது!

"எங்கள் சமையல் தூய சமையல், கலப்பில்லாதது, முன்னோர் வகுத்தது" என்று பேசுவோர் உண்டு. அவர்களை அன்போடு அழைக்கிறோம், இந்த ஏட்டின் எந்தப் பக்கத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய் எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து. போர்த்துகேசியர் கப்பலேறி நம் கரைக்கு வந்தது. 1498-இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டையில் இறங்குமுன் நம் நாட்டார் எவரும் அதைச் சுவைத்ததில்லை. தக்காளி? அதே கண்டம். உருளைக்கிழங்கு? அதே கண்டம். வட ஆர்க்காட்டின் செல்வமான வேர்க்கடலை? அதுவும் அங்கிருந்தே! அல்வா என்ற சொல் அரபு. பிரியாணி என்ற சொல் பாரசீகம்.

வாங்கினோம் என்று மட்டும் எண்ணி வாடவேண்டாம், வழங்கியும் இருக்கிறோம். 'இஞ்சி வேர்' கடல் கடந்து கிரேக்கர் நாவிலே உருமாறி, ஆங்கிலத்திலே 'ஜிஞ்சர்' ஆயிற்று. 'கறி' உலகெங்கும் 'கர்ரி' ஆயிற்று. 'மிளகுத் தண்ணீர்' வெள்ளையன் மேசையிலே 'முல்லிகடானி' ஆயிற்று. முசிறித் துறையிலே யவனர் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூறு சொல்கிறது. கொடுத்ததும் கொண்டதுமே சமையல். தூயது என்று ஒன்றைத் தேடிப் புறப்பட்டால், மிளகாயைத் தள்ளு, தக்காளியைத் தள்ளு, உருளையைத் தள்ளு. எஞ்சுவது இலை மட்டும்தான்!

இப்போது சொல்லவேண்டிய செய்திக்கு வந்துவிட்டோம். ஏட்டின் 88-ஆம் பக்கம். மாட்டிறைச்சி வறுவல். சொன்னவர், காலணித் தொழிற்சாலையிலே அன்னையாரின் பக்கத்துத் தையற்பொறியில் அமர்ந்திருந்த தோழியார். இறைச்சி அரைக் கிலோ. சிறு துண்டுகளாக்கி மஞ்சள், உப்பு, இஞ்சி, பூண்டுடன் மூடி வேகவைத்து, சின்ன வெங்காயம் தாளித்து, தேங்காய்க் கீற்றும் நுணுக்கிய மிளகும் சேர்த்து, நீர் சுண்ட வறுப்பது. எம் வீட்டிலே இன்றுவரை அதைச் சமைத்ததில்லை. ஆயினும் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தோழியார் தம் உணவுப் பெட்டியைத் திறந்து பங்கு கொடுத்த நாளிலே அதன் செய்முறையையும் கொடுத்தார்; கொடுத்ததை எழுதாமல் விடுவது மரியாதை அன்று என்பது அன்னையாரின் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பெரிய தந்தையார் வீட்டுக்கு வந்திருந்தார். அதிரசப் பிரியர் அவர். அளவு பார்ப்பதற்காக ஏட்டைப் புரட்டியவர் கண்ணிலே அந்தப் பக்கம் பட்டது. முகம் சுளித்தார். "என்னம்மா இது? நம் வீட்டு ஏட்டிலே இதெல்லாம் இருக்கலாமா? கிழித்துப் போடு!" என்றார்.

அன்னையார் பதறவில்லை. "கிழிக்கலாம் மாமா. ஆனால் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்திலேதான் உங்கள் அதிரசம் இருக்கிறது. இதைக் கிழித்தால் அதுவும் போய்விடுமே!" என்றார்.

திருப்பினார் பெரிய தந்தையார். இருந்தது அதிரசம்! ஒரே தாள், ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஏட்டை மூடி வைத்துவிட்டார். நூறு மேடைகளிலே நாம் கேட்ட சமத்துவ விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது ஒன்று உண்டா? சமுதாயம் என்பது இருபக்கமும் எழுதிய தாள். ஒரு பக்கத்தை மட்டும் கிழிக்கும் கத்தரிக்கோலை எவரும் இதுவரை செய்யவில்லை.

வீட்டிலே தீர்ந்தது வெளியிலே தீரவில்லை. 2022 மே மாதம் ஆம்பூரிலே மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தது மாவட்ட நிருவாகம். ஆம்பூருக்குப் பெருமைதான். ஆனால் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்ற செய்தி பரவிற்று. அந்த ஊரிலே நாள்தோறும் ஆயிரமாயிரம் உழைப்பாளிகள் உண்ணும் உணவுக்கு, அந்த ஊர்ப் பெயரால் நடக்கும் விழாவில் இடமில்லை! எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழை வருகிறது என்று காரணம் கூறி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாட்டின் தோலைப் பதனிட்டுக் காலணி செய்தால் அது ஏற்றுமதி, கைத்தட்டல் உண்டு. அதே மாட்டின் இறைச்சியை ஏழை உண்டால் அது இழிவு, கதவடைப்பு உண்டு. இதற்கு எந்த ஏட்டிலே நியாயம் இருக்கிறது? எதை உண்பது, எதை விடுப்பது என்பது அவரவர் நாவுக்கும் வயிற்றுக்கும் உரிய உரிமை. உண்ணாதவரை உண்ணச் சொல்லவில்லை எவரும். பந்தியிலே இடம் மறுக்காதீர் என்றுதான் கேட்கிறார்கள்.

பந்தி என்ற சொல்லுக்கு இந்நாட்டிலே நீண்ட வரலாறு உண்டு. சேரன்மாதேவி குருகுலத்திலே மாணவர்க்குத் தனிப்பந்தி என்ற வழக்கு, 1925-இல் நாட்டையே உலுக்கிற்று. அதற்கு மாற்றாக எழுந்த வரலாறும் உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை, 2022-இல் காலை உணவு. ஒரே வரிசையிலே, ஒரே உலையிலே வெந்த சோற்றை, எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் உண்ணும் காட்சியை நாம் அன்றாடம் பள்ளியிலே காண்கிறோம். ஆயினும் 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றிலே, சமைத்த அம்மையார் இன்ன சாதி என்று கூறி எதிர்த்தார்கள் சிலர். கைப்பக்குவம் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கையைப் பற்றித்தான் குறை சொன்னார்கள்! சாம்பாரிலே சாதி கரைவதில்லை. சொல்பவன் மூளையிலேதான் அது படிந்து கிடக்கிறது.

அச்சேறிய ஏடு ஒன்றையும் இங்கே மதிப்போடு குறிப்பிடவேண்டும். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் அவர்கள் 'சமைத்துப் பார்' என்ற நூலை வெளியிட்டார்கள். வீட்டிலே சமைத்த ஒரு பெண்மணி, தம் அறிவை அளவோடும் முறையோடும் எழுதி, தம் பெயரையும் அட்டையிலே பொறித்தார். மணமகளுக்குச் சீராகக் கொடுக்கும் அளவுக்குப் பரவிற்று, இன்றும் விற்பனையாகிறது. கைமணம் என்று மூடி மறைக்காமல், இத்தனை அளவு, இத்தனை நேரம் என்று வெளிப்படச் சொன்னது பெரும் பணி. அது ஒரு வீட்டு மரக்கறிச் சமையல். அவர் தம் வீட்டை எழுதினார், சரியாகவே எழுதினார். மற்ற வீடுகள்? தோல் ஆலைத் தொழிலாளியின் வீடு எழுதிற்றா? நெசவாளியின் வீடு எழுதிற்றா? மீனவர் வீடு, உழவர் வீடு, சேரி வீடு எழுதிற்றா? அட்டையிலே 'தமிழர் சமையல்' என்று போட்டு, உள்ளே ஒருசில வீட்டுச் சமையலை மட்டும் அடைத்த நூல்கள் எத்தனை! பெரும்பாணாற்றுப்படையைப் பாருங்கள். பாணன் நடந்து செல்லும் வழிநெடுக வேட்டுவர், ஆயர், உழவர், மீனவர், அந்தணர் என ஒவ்வொரு குடியினரும் தத்தம் உணவை இடுகின்றனர். உலர்ந்த இறைச்சியும் வருகிறது, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த மாதுளங்காயும் வருகிறது. அத்தனையையும் ஒரே பாட்டிலே வைத்தான் அந்தப் புலவன். அந்த விரிந்த நெஞ்சு நமக்கு வேண்டாமா?

ஏட்டைக் கண்ட நம் மனத்திலே ஓர் எண்ணம் உதித்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டிலே செய்யும் ஒரு பண்டத்தின் செய்முறையை எழுதி வாருங்கள் என்றோம். நான்கு கட்டங்கள் வரைந்து தந்தோம். பண்டம் எது? அளவு என்ன? செய்தவர் யார்? செய்தவர் எப்போது உண்டார்?

முதல் மூன்று கட்டங்களும் பலவிதமாக நிரம்பி வந்தன. நெத்திலிக் கருவாடு, பூரணக் கொழுக்கட்டை, குஸ்கா, வெந்தயக் களி, இரத்தப் பொரியல், தக்காளித் தொக்கு, சேமியாப் பாயசம். வகுப்பறையே மணத்தது! நான்காம் கட்டத்திலேதான் வகையில்லை. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஒரே விடை: "எல்லாரும் சாப்பிட்ட பிறகு." ஒரு மாணவி மட்டும், "மீதி இருந்தபோது" என்று எழுதியிருந்தாள்.

மீதி இருந்தபோது! இரண்டே சொற்கள். இதைப் படித்துவிட்டு 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிலே பாதிக்கு மேற்பட்டோர் குருதிச் சோகை உடையோர் என்கிறது அது. இரும்புச் சத்து எதில் உண்டு என்று அறியாதவர்களா அவர்கள்? முருங்கைக் கீரையை ஆய்ந்தவர் அவரே. ஈரலை வறுத்தவர் அவரே. அறிவு இருந்தது, சமைத்தார்கள். பரிமாறியதும் அவர்களே. தட்டுக்கு வரும்போதுதான் தீர்ந்துவிட்டது! அன்னபூரணி என்று பெயர் சூட்டி, அவள் தட்டை வெறுமையாக்கி வைக்கும் பண்பாட்டை என்னென்பது?

மாணவர்களைக் கேட்டோம், "உங்களிலே எத்தனை பேருக்குச் சோறு வடிக்கத் தெரியும்?" பெண்கள் பெரும்பாலோர் கை தூக்கினர். ஆண்களிலே ஆறு பேர். மற்றவர் சிரித்தனர். "திருமண வீட்டிலே ஆயிரம் பேருக்குச் சமைப்பவர் யார்?" என்றோம். ஆண்கள் என்றனர். "ஆம்பூர்க் கடைகளிலே பிரியாணி அண்டாவைக் கிளறுபவர் யார்?" ஆண்கள் என்றனர். "கூலி கிடைக்கும் இடத்திலே ஆணுக்குக் கைவரும் கலை, கூலியில்லாத வீட்டிலே மட்டும் ஏன் கைவரவில்லை?" என்று கேட்டோம். சிரிப்பு நின்றது. ஒரு வாரம் கழித்து மாணவன் ஒருவன் வந்து, "ஐயா, நேற்று இரவு நான் களி கிண்டினேன். கட்டி தட்டிவிட்டது. அம்மா முதலில் சாப்பிட்டார்" என்றான். கட்டி தட்டினால் என்ன? அந்த இரவு ஒரு வீட்டிலே முறை மாறிற்றே!

தோழர்களே! கைப்பேசியைத் திறந்தால் இன்று சமையல் சொல்வோர் ஆயிரம் பேர். நல்லதுதான், பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டிலே உள்ள அறிவு அங்கே இல்லை. உங்கள் ஊர்த் தண்ணீரில் எந்தப் பருப்பு வேகும் என்பது அங்கே இல்லை. பஞ்சத்திலே என்ன தின்று பிழைத்தோம் என்பது அங்கே இல்லை. அது உங்கள் அன்னையின் நினைவிலே இருக்கிறது. பாட்டியின் விரல்நுனியிலே இருக்கிறது. எழுத்தறியாமல் அடுப்பங்கரையிலே அடைபட்ட தலைமுறைகள் தம் அறிவைத் தம்மோடே கொண்டுபோயின. இனியும் அது நேரலாமா?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டிலே சமைப்பவரிடம் சென்று அமருங்கள். 'கொஞ்சம்' என்று அவர் சொன்னால் எத்தனை கரண்டி என்று கேளுங்கள். 'பதம்' என்று சொன்னால் எப்படிக் கண்டுகொள்வது என்று கேளுங்கள். ஏன், ஏன் என்று கேளுங்கள். பகுத்தறிவுக்கு அடுப்பங்கரையிலே தடை ஏதும் இல்லை. தலைப்பிலே அவர் பெயரை எழுதுங்கள். 'அம்மா' என்று மட்டும் எழுதாமல், அவருக்கென்று பெற்றோர் இட்ட பெயரையே எழுதுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேளுங்கள். எந்த வீட்டையும் தாண்டிச் செல்லாதீர்கள். எழுதி முடித்த பிறகு அதைப் பார்த்து நீங்களே ஒரு வேளை சமையுங்கள். சோறு குழையலாம், உப்புக் கூடலாம், அஞ்சவேண்டாம். ஆக்கியதை முதலில் அவருக்குப் பரிமாறுங்கள், சூடு ஆறுவதற்குள்.